இயந்திரத்தின் முழங்கை

நஞ்சன்கூட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குத் தொண்ணூறுகளில் ஓர் இயந்திரக் கை வந்தது. கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்களுக்காக எச்சரிக்கைப் பலகை எழுதும் பொறுப்பு எனக்கு. மைசூரில் ஒரு வாரம் அகராதிகளைப் புரட்டி, ‘இரண்டாம் சுழல்கணு இயங்குகையில் விலகுக’ என்று எழுதிவிட்டுப் பெருமையில் மிதந்தேன்.

மறுநாள் அந்தத் தொழிலாளர்களில் ஒருத்தியான செல்வி பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நான் கணு என்று எழுதிய அந்த நடுமூட்டுக்குக் கீழேயே போய்க் குனிந்து பெட்டி அடுக்கினாள். இயந்திரக் கை மடங்கத் தொடங்கியது.

“செல்வி, முழங்கை இறங்குது, நகரு!” என்று கத்தினேன். சட்டென்று விலகிவிட்டாள்.

பயந்துபோன என்னை அவளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“முழங்கைன்னா புரியுதுங்க சார். பலகையிலயும் அப்படியே எழுதிப் போடுங்க.”

தோள், முழங்கை, மணிக்கட்டு என்று நான் எழுத எழுத, அவள் தன் கையைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள்.

முதலிலேயே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.