ஒரே உரம், இரண்டு மலை

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் தங்கையின் கணவர் ராமையா அங்கே கண்டாக்கு. தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகம். லிந்துலைத் தேயிலையில் ஊறியவர், இப்போது ரப்பரோடு மல்லுக்கட்டுகிறார்.

எதிரெதிரே இரண்டு சரிவுகள் — தோட்டப் பேச்சில் இரண்டு ‘மலை’. இரண்டிலும் ஒரே சமயத்தில் நட்ட ரப்பர் கன்றுகள். இனம் மட்டும் வேறு. ஒரு மலையில் கன்றுகள் ஆளுயரம் தாண்டிவிட்டன. மற்றதில் இடுப்புக்குக்கூட வரவில்லை.

“இதுக்கு உரம் வைக்கலையா?” என்றேன்.

ராமையாவின் முகம் சுண்டிப்போனது. “நானும் இதையேதான் கேட்டேன் மச்சான்… மாரியாயிகிட்ட.”

இரண்டு மலைக்கும் ஒரே அளவு பொஸ்பேட் உரம்தான் கொடுத்தார்களாம். வளராத மலைக்கு உரம் வைத்தவள் மாரியாயி. போதாதா? சுமக்கச் சோம்பல்பட்டுக் கானில், தண்ணீர் ஓடும் வடிகாலில், கொட்டிவிட்டாள் என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயமெல்லாம் பேச்சு. “பேர் வெட்டு” என்றுவிட்டார் தோட்டத்தை நடத்தும் துரை. தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்!

காலைப் பெரட்டில், வேலைக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவள் சொன்னாளாம்: “குடுத்த உரத்தை ஒரு பிடி குறைக்காம வச்சேங்க, கண்டாக்கையா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாதுங்க.”

அழவில்லை. அதுதான் ராமையாவை உறுத்தியது. துரையிடம் கெஞ்சித் தவணை வாங்கினார். அடுத்த தடவை உரத்தைத் தானே சுமந்துபோய், கன்று கன்றாகத் தன் கையாலேயே வைத்தார். மழை வந்தது, போனது. மாதங்களும் போயின. கன்றுகள்? அசையவே இல்லை! துரையும் வந்து பார்த்தார். இந்த இனத்துக்கு இந்த உரம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அதே பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும் ராமையா அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

“வேற மலை தரவான்னும் கேட்டேன் மச்சான். ‘அதே மலையைக் குடுங்க’ன்னுருச்சு.”

நமக்கெல்லாம் இப்படித்தான்… ஒன்று வளரவில்லையென்றால், ஏன் என்று யோசிப்பதற்கு முன்னால், யாரைப் பிடிக்கலாம் என்று தேடுகிறோம். பிள்ளை பரீட்சையில் தவறினால் வாத்தியார். கடையில் வியாபாரம் படுத்தால் சிப்பந்தி.

இறங்கி வரும்போது மாரியாயியைப் பார்த்தேன். அந்தக் குட்டைக் கன்றுகளுக்கு நடுவே குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எப்பம்மா வளரும் இதெல்லாம்?”

நிமிர்ந்து சிரித்தாள். “அதுகளுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க.”

அவசரமெல்லாம் நமக்குத்தான்!