ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணி

போன வருடம் மகளுக்கு ஸ்பிரிங் பிரேக் விட்டபோது, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சான் ஹோசேயிலிருந்து மூவரும் மெக்ஸிகோவில் ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். கடல், மாம்பழம், வெயில் என்று எனக்கு ஏறக்குறைய கன்னியாகுமரிக்குப் போன மாதிரிதான் இருந்தது. டாக்ஸி மட்டும்தான் தலைவலி. அங்கே மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிட வேண்டும் என்று அலுவலக நண்பர்கள் என் கணவருக்கு ஓதி அனுப்பியிருந்தார்கள்.

அவரும் ஒவ்வொரு டாக்ஸியாக நிறுத்தி, போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆப்பில் பேசி, அதை டிரைவரிடம் நீட்டி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடியும் பேசுவார். நானும் மகளும் வெயிலில் வதங்கிக்கொண்டு நிற்போம். "ஏறிடாத, இன்னும் ரேட் ஃபைனல் பண்ணல" என்பார். வீடு வாங்கும்போதுகூட மனிதர் இவ்வளவு பேரம் பேசவில்லை.

ஒருநாள் காலை, மணலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் வீறிட்டாள். கழுத்தில் குளவி கொட்டியிருந்தது. ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. ஆறு வயதுக் குழந்தை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினோம். ஒரு பழைய டாக்ஸி நின்றது. ஐம்பது வயதிருக்கும் அந்த டிரைவர் குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். என் கணவர் முன்சீட்டிலும் நான் மகளோடு பின்சீட்டிலும் உட்கார்ந்ததும் வண்டியை எடுத்துவிட்டார். அன்றைக்கு யாரும் ரேட் பேசவில்லை.

கடைத்தெருவுக்குள் நுழைந்தால் ஒரே நெரிசல். வண்டிகள் நகரவே இல்லை. டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டார். கண்ணாடி துடைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து என் கணவரிடம் கொடுத்து ஏதோ சொன்னார். இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். "ஒரு நிமிஷம், ட்ரான்ஸ்லேட் பண்றேன்."

எனக்கு ஆப் தேவைப்படவில்லை. பட்டப்பகலில் ஹெட்லைட், கையில் வெள்ளைத் துணி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் காரில் ஆளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும் இப்படித்தான் போவார்கள். அந்த மாதிரிக் காருக்கு நான் ஏறிய பஸ் எத்தனையோ தடவை ஓரங்கட்டியிருக்கிறது.

"அத இங்க குடுங்க!" என்று பிடுங்கினேன். ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டித் துணியை ஆட்டினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. பழம் விற்கும் ஒரு பெண் தன் தள்ளுவண்டியை நடைபாதைமேல் ஏற்றிவிட்டாள். சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் விசில் ஊதிக் குறுக்குச் சாலையை நிறுத்தினார். முன்பின் தெரியாத அத்தனை பேரும் என் குழந்தைக்காக விலகுவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கிளினிக்கில் உடனே ஊசி போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. சாயங்காலம் அனுப்பும்போது மகள் கேட்ட முதல் கேள்வி, "கேன் வீ கோ பேக் டு த பீச்?"

வெளியே வந்தால், அதே டிரைவர்! சவாரிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். மகள் நடந்து வருவதைக் கண்டதும் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஹோட்டலில் இறக்கிவிட்டு, எப்போதும் வாங்குகிற கட்டணத்தைத்தான் வாங்கினார். என் கணவர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, ஆப் எதுவும் இல்லாமல், "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குப் புரிந்தது.

சென்ற மாதம் லிவர்மோர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். ஃப்ரீவேயில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. பின்னால் ஹெட்லைட்டோடு ஒரு பழைய பிக்கப் டிரக். அதன் ஜன்னலில் ஒரு கை வெள்ளை டி-ஷர்ட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒதுங்கினேன். முன்னால் இருந்த கார் அசையவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஹாரனைத் தொடாத நான் விடாமல் அடித்தேன். நான் சொல்லாமலேயே என் கணவர் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். அந்தக் கார் விலகியது. அதற்கு முன்னால் இருந்ததும் விலகியது. டிரக் போய்விட்டது.

"அம்மா, ஹூ வாஸ் இன் தட் ட்ரக்?" என்றாள் மகள்.

"தெரியலடா கண்ணா. அன்னிக்கு உனக்கு வழிவிட்டவங்களுக்கும் நம்மள யாருன்னு தெரியாது" என்றேன்.

இப்போதெல்லாம் யாராவது அவசரமாக முந்திக்கொண்டு போனால் எனக்குக் கோபம் வருவதில்லை. உள்ளே யார் மடியில் யார் இருக்கிறார்களோ என்றுதான் மனம் பதறுகிறது.