முள்ளைப் பார்க்காமல் நகராதவள்

ஜீவராணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த வீட்டில் இருபது வருடம் இருந்திருக்கிறோம். அவள் கொழுந்தெடுப்பவள். நான் ஹட்டனில் போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்பவள். அவள் நல்லதண்ணிக்கு யாத்திரையாக மலையேறப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சொல்லும் கிலோவை அவள் அப்படியே ஏற்பதில்லை. தராசு முள்ளைக் காட்டச் சொல்லி நின்றுவிடுவாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பாள், ஆனால் பார்க்காமல் நகர மாட்டாள்.

அவள் மகள் கௌசி கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனாள். என் மகள் வினோதாவும் அவளும் ஒரே வகுப்பு. படிப்பில் வினோதாதான் கெட்டிக்காரி. இன்று அவள் கொழும்பில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கௌசி அனுப்பும் படங்களை ஜீவராணி காட்டினால் சிரித்து வைப்பேன். பிறகு வினோதாவுக்குப் போன் போட்டுக் காரணமில்லாமல் ஏசுவேன்.

கௌசி தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதம்தான் மிச்சம். விசா ஒரு தடவை மறுக்கப்பட்டால், பிள்ளை பிறப்பதற்குள் போய்ச் சேர முடியாது. யாரிடம் விண்ணப்பத்தைக் கொடுப்பது என்று ஜீவராணி இரண்டு விசா ஏஜெண்டுகளின் கார்டுகளோடு என் கடைக்கு வந்தாள். ஒருவர் டவுனில் பெரிய போர்டு மாட்டியிருப்பவர். விசா கட்டாயம் கிடைக்கும், ஆனால் தோட்டத்து வேலை என்று எழுதாமல் கடை முதலாளி என்று எழுதுவோம் என்றாராம். இன்னொருத்தி கௌசி அங்கே விசாரித்துச் சொன்ன பெண். உள்ளதை உள்ளபடி எழுதுவோம், கிடைக்கும் என்று உறுதி தர முடியாது என்றாளாம். இரண்டு கார்டிலும் பதிவு எண் இருந்தது. பதிவு பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் இன்டர்நெட்டில் இருக்கிறதாம், பார்த்துச் சொல் என்றாள் ஜீவராணி.

பார்த்தேன். அந்தப் பெண்ணின் எண் இருந்தது. போர்டுக்காரரின் எண் எங்கேயும் இல்லை.

"ரெண்டு பேருமே இருக்காங்க. கட்டாயம் கெடைக்கும்னு சொல்றவருகிட்டயே குடு" என்றேன்.

அவள் பிளேன் ஏறக் கூடாது என்று நினைத்தேன். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை.

"சரி, அந்த நம்பரக் காட்டு."

இங்கிலீஷ் தெரியாதவள், ஆனால் இலக்கம் தெரியும். கார்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். பெண்ணின் எண் ஒத்துப்போனது. மற்றதை என்னையே அடிக்கச் சொன்னாள். திரையில் எதுவும் வரவில்லை.

"அவசரத்துல பாத்திருப்ப" என்றாள். போர்டுக்காரரின் கார்டை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பெண் கொழுந்தெடுப்பவள் என்றே எழுதினாள். விசாவும் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

புறப்படும் நாளில் லயமே கூடி நின்றது. ஜீவராணி கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். என் கை தானாக நீண்டது. அவள் என்னைத் தாண்டிப் போய், கடைசி வீட்டு நாகலெட்சுமியிடம் சாவியைக் கொடுத்தாள். என்னிடம் போய் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கௌசிக்குப் பெண் குழந்தையாம். அதைக் கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. நாகலெட்சுமியின் இடுப்பில் அந்தச் சாவியைப் பார்த்தால்தான் தாங்க முடியவில்லை.