நீறு பூத்த சாம்பிராணிக் கரி

சிங்கப்பூர் ஈசூனில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாம்பிராணி போட்ட கரி மேலே நீறு பூத்திருந்ததைப் பார்த்து, அணைந்துவிட்டதென்று நம்பி, பிளாஸ்டிக் பையில் கட்டி, எல்லா மாடிக் குப்பையும் கீழ்த்தளத் தொட்டியில் போய் விழும் குப்பைக் குழாயில் போட்டுவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல! சற்று நேரத்தில் குழாய் மூடியின் இடுக்கில் புகை வந்தது.

பதறிக் கீழே ஓடினேன். எங்கள் புளோக்கில் குப்பை அள்ளும் முருகேசன், எரியும் தொட்டியை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்கை கொப்புளித்திருந்தது.

"யாரோ நெருப்பப் போட்டுட்டாங்க அக்கா. கிட்ட வராதீங்க, புகை!" என்றார்.

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் கரியை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகே போடுகிறேன். அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்கிறார்.