வைத்தியலிங்கம் வீட்டு ஊதாக்கரை அவரை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் வைத்தியலிங்கம். ஊரார் வயலில் வரப்பு வெட்டிய கையாலேயே சொந்தமாக ஒரு வேலி நிலம் சேர்த்தார், மெத்தை வீடு கட்டினார், மகன் பரணிதரனைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். இதையெல்லாம் கேட்டால்தான் சொல்வார். கொல்லை அவரைக்கொடியின் பெருமையைக் கேட்காமலே சொல்வார்.

லேசுப்பட்ட கொடியா அது! பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடையாத ரகம். காயின் ஓரத்தில் பட்டுப்புடவைக்கு இழுத்ததுபோல ஊதாக்கரை ஓடும். முப்பது வருஷமாகக் கரை அழுத்தமாக விழுந்த காய்களுக்குச் சிவப்பு நூல் கட்டி, அவற்றையே விதைக்கு விட்டு, அவர் தேற்றியெடுத்தது.

"படிச்ச ஆபீசர் ஒருத்தன் இப்படி ஒண்ணு உண்டாக்கிக் காட்டட்டும், நான் மீசைய எடுத்துடுறேன்" என்பார்.

பிஞ்சுக்காயை ஊருக்கே கொடுப்பார். முற்றிய விதை ஒன்றுகூட வாசல் தாண்டாது. நெற்று காய்ந்ததும் உடைத்து, நல்லதாகப் பொறுக்கிச் சாம்பல் புரட்டிக் குடுவையில் அடைத்துக்கொள்வார். மிச்சம் மனைவி கமலாம்பாளிடம் போகும்.

"எல்லாத்தையும் வேகவெச்சுடு. பச்சையா ஒண்ணு வெளிய போகக் கூடாது."

வெந்த விதை எங்கே முளைக்கப் போகிறது? அந்த வாரம் முழுக்க அந்த விதை போட்ட கருவாட்டுக் குழம்புதான். "கடை மொச்சைக்கு இந்த ருசி வருமாடி?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டபடி இரண்டு கை சோறு கூடச் சாப்பிடுவார்.

இந்த வருஷம் பரணிதரனுக்கு வலங்கைமானில் பெண் அமைந்தது. தேதி பேசக் கிளம்பிய வைத்தியலிங்கம், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கை விதையைத் துணியில் முடிந்து மடியில் செருகிக்கொண்டார். முட்டிவலியால் வீட்டில் தங்கிய கமலாம்பாள் பதறினாள்.

"விதையெல்லாம் எதுக்குங்க? ரெண்டு சீப்பு பழம் வாங்கிட்டுப் போங்களேன்."

"பழம் எவனும் குடுப்பான். இது வைத்தியலிங்கம் குடுக்குற சீரு."

வலங்கைமானில் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவர் செம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார். வேலி முழுக்க ஊதாக்கரைக் காய்.

"இது ஏதும்மா?"

பெண்ணின் தாய் விஜயலட்சுமி சிரித்தாள். "கமலாம்பா அவரைங்க, சம்பந்தி. எங்க நாத்தனார் குடுத்தாங்க. பாபநாசம் பக்கம் ஒரு அம்மாவாம், கல்யாணமாகிப் போற பொண்ணுங்க மடியில எல்லாம் கைநெறைய விதை கட்டி அனுப்புமாம். இந்தப் பக்கம் பத்து வீட்டுல இருக்கு. அட, நம்ம சம்பந்தியம்மா பேரும் அதுதானே!"

"அதே பேருதான்" என்றார் வைத்தியலிங்கம். மடி முடிச்சு அவிழவில்லை. தேதியைக்கூட அவர்களே சொன்னார்கள், இவர் தலையாட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தனை வருஷமாடி?"

கமலாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். புரியாததுபோல் நடிக்கவில்லை. "இருபது இருக்கும்."

"வேகவெச்சேன்னு சொன்னியே?"

"வேகவெச்சேன். கடை மொச்சைய."

இருபது வருஷம் சப்புக்கொட்டி மெச்சியதெல்லாம் மளிகைக்கடை மொச்சையா!

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா குடுத்திருப்பீங்களா? அந்தப் பொண்ணுங்க என்ன, வைரமா கேட்டாங்க? நாலு விதை."

"குடுத்தது போகட்டும். எம்பேரச் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?"

"உங்க பேரச் சொன்னா உங்க காதுக்கு வந்துடாதா?"

நிலத்தரகன் ஏமாற்றியிருக்கிறான், கூடப்பிறந்தவன் ஏமாற்றியிருக்கிறான், எல்லாரையும் பஞ்சாயத்தில் நிறுத்திக் கேட்டவர். இதை எந்தப் பஞ்சாயத்தில் கொண்டுபோய்ச் சொல்வது? கேட்டவன் முதலில் சிரிப்பான். சிரித்துவிட்டுத் தனக்கும் ரெண்டு விதை கேட்பான்.

ஆடி பிறந்தது. வழக்கம்போல் குழி வெட்டி எரு போட்டார். விதைக் குடுவையைக் கொண்டுவந்து கமலாம்பாள் காலடியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தை மாதம் பரணிதரனோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் ஒருவர் கல்யாணம் விசாரிக்க வந்தார். கொல்லையில் அவரைப் பந்தலைப் பார்த்து அசந்துபோனார். "ஐயா, இந்த மாதிரி அவரை நான் பாத்ததே இல்லையே! ஏதுங்க விதை?"

வைத்தியலிங்கத்தின் நெஞ்சு ஒருதரம் விம்மி அடங்கிற்று.

"உள்ள அந்த அம்மா இருக்கும்" என்றார். "அதக் கேளுங்க."