அங்காளம்மாளின் நாற்பது ஆவாரம்புதர்கள்

அங்காளம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கை அதற்கும் முன்னால் நிற்கும். கட்டின புருஷன் ஒருநாள் குடித்துவிட்டு வந்து அறைந்தான். மறுநாளே இரண்டு பல்லைத் தொலைத்துவிட்டு ஊரைவிட்டு ஓடினான். திருமுடிவாக்கத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த நானும் சிரித்தேன், புத்திகெட்டவன்.

அவள் பிழைப்பு ஆவாரம்பட்டை. ஏரிக்கரைப் புறம்போக்கில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் புதர்களை வெட்டி, குச்சிகளை மரக்கட்டையால் அடித்துப் பட்டையை உரித்து, பம்மலில் தோல் பதனிடுகிறவர்களிடம் போடுவாள். பட்டை உரிக்கும் பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பழைய புடவையைக் கிழித்து யார் எந்தப் புதரில் கட்டுகிறாளோ, அது அவளுடையது. அந்தத் துணியை இன்னொருத்தி அவிழ்த்தால் அது வயிற்றில் அடிப்பது. அங்காளம்மாளுக்கு நாற்பது புதர். அதை விட்டால் அவளுக்குச் சோறு கிடையாது.

எண்பத்தேழில் குப்புராஜ் என்கிற நிலக்காரன் தன் வயலோடு புறம்போக்கையும் வளைத்து மனை போட்டான். முதலில் போனவை ஜெயசீலியின் புதர்கள். அவளும் பட்டை உரிப்பவள்தான். அங்காளம்மாளுக்குக் கூடப்பிறக்காத தங்கை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

ஒரு காலையில் அங்காளம்மாள் வந்து பார்த்தால், தன் புதர் ஒன்றிலும் துணி இல்லை. ஜெயசீலி குனிந்து, தன் புடவைக் கிழிசலை ஒரு புதரில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, உன்து போச்சின்னு என்து மேல கை வெக்கிறியா?"

ஜெயசீலி நிமிர்ந்து, "அக்கா, அது..." என்பதற்குள் கட்டை இறங்கிவிட்டது. வலது மணிக்கட்டில் ஒன்று. கீழே விழுந்தவளின் அதே கையில் இன்னும் இரண்டு. எங்கே அடித்தால் பிளக்கும் என்று அவளுக்குத் தெரியும். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அளக்க வந்தவனுங்க உன் துணியெல்லாம் அவுத்துகினு போய் முளைக்குச்சில கட்டிட்டானுங்கக்கா," என்று ஜெயசீலி மண்ணில் கிடந்தபடி முனகினாள். "நீ வர்றதுக்குள்ள உனுக்கோசரம் மறுபடி கட்டிகினு இருந்தேன்."

அங்காளம்மாள் திரும்பிப் பார்த்தாள். நூறடி தள்ளி, வரிசையாக அடித்த முளைகளில் அவள் புடவைத் துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன.

கட்டையோடு ஓடினாள். முளைகளை நொறுக்கினாள். தடுக்க வந்த குப்புராஜின் முழங்காலை நொறுக்கினாள். அவன் ஆட்கள் அவளை முடியைப் பிடித்து இழுத்துப்போட்டு மிதித்ததில் இரண்டு விலா முறிந்தது. ஆனால் வழக்கு அவள்மேல் மட்டும். மூன்று வருஷம் உள்ளே இருந்தாள். அதற்குள் புதர்களை வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிட்டார்கள்.

குப்புராஜ் இன்றைக்கும் நொண்டிக்கொண்டுதான் போகிறான். எனக்கு அவன்மேல் துளி இரக்கமில்லை. ஜெயசீலியை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

தொண்ணூறில் வெளியே வந்தவள் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக ஜெயசீலியின் வாசலில் போய் மண்டியிட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"என்ன அடிச்சிடுடி. எம்மாம் வேணா அடி, வாங்கிக்கிறேன்."

ஜெயசீலி கதவைத் திறந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே சூம்பித் தொங்கியது.

"எந்தக் கையால அடிக்கச் சொல்றக்கா?" என்று கேட்டுவிட்டு, இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டாள்.