ஒரு விரல் கேக் மா

ஏழு வயது நிறையாத பிள்ளைகளுக்குப் பாவம் ஒட்டாது என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லித்தந்த நாளிலிருந்து எனக்குத் தம்பிமேல் தீராத பொறாமை. அவனுக்கு ஐந்து வயது. புத்தி விபரம் வராத வயதாம். அவன் பொய் சொல்லலாம், கிள்ளலாம், பக்கத்து வளவு மாங்காயில் கல்லெறியலாம், மோட்சத்தில் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கோ எட்டு வயது முடிந்துவிட்டது. நான் செய்வதெல்லாம் ஒட்டும்.

பூசையில் நற்கருணை அப்பம் வாங்கத் தொடங்கும் முதல்நன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை பின்னேரம், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முதல்முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்தோம். பங்குச் சுவாமியிடம் சொல்வதற்குப் பதினொரு பாவங்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். என்னிடம் எட்டுத்தான் இருந்தன. மிச்சம் மூன்றையும் சிநேகிதி ஒருத்தியிடம் இரவல் வாங்கியிருந்தேன். எல்லாம் மன்னிக்கப்பட்டன. வெளியே வந்ததும் சிஸ்டர் எங்களை வரிசையில் நிற்க வைத்தார்.

"இப்ப உங்கட ஆத்துமம் நாளைக்குப் போடப்போற வெள்ளைச் சட்டை மாதிரி. காலமை நன்மை வாங்குமட்டும் ஒரு ஊத்தையும் படக்கூடாது" என்றார்.

பாவத்தோடு நன்மை வாங்கினால் அது தேவதுரோகம், அதற்கு மேலே ஒரு பாவம் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார். நான் எறும்பைக்கூட மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வீட்டுக்கு வந்தேன். வந்தால் குசினியில் கேக் அடிக்க ஆயத்தம் நடக்கிறது.

அந்தச் சண்டை வருடங்களில் முல்லைத்தீவுக் கரையில் கேக் என்பது லேசான காரியம் இல்லை. சீனி கண்ணில் படுவதே அபூர்வம். அம்மா எனக்கு முதல்நன்மை என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு பால்மாப் பேணியில் சீனியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, எறும்புக்கும் எங்களுக்கும் எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வவுனியாவுக்குப் போய்வந்த ஒருவர் கோதுமை மாவும் ஒரு சின்னப் போத்தல் வனிலாவும் கொண்டுவந்து தந்திருந்தார். முட்டைக்கு எங்கள் கோழிகள் இருந்தன. எல்லாம் சேர்ந்த நேரம் பார்த்து அம்மா படுக்கையில். தங்கச்சி பிறந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அவள் அம்மாவை ஒரு நிமிடம் விட மாட்டாள்.

ஆகவே கேக் அடிக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். கடலுக்குப் போகிறவர். மீன் குழம்பைத் தவிர வேறொன்றும் சமைத்து நான் கண்டதில்லை.

"வலை பொத்துற கைக்கு மாக் குழைக்கிறது ஒரு வேலையே?" என்று சாரத்தை மடித்துக் கட்டினார்.

அம்மா அறைக்குள் இருந்தபடியே குரலால் கேக் செய்தார். அப்பாவும் நானும் தம்பியும் அதைக் கையால் செய்தோம்.

"இஞ்சாருங்கோ, முதல்ல மாவை அரியுங்கோ!"

அரிதட்டு இடம்பெயர்ந்து வந்த வழியில் எங்கோ போய்விட்டது. அப்பா கொஞ்சம் யோசித்து, தோய்த்து வைத்திருந்த, படுக்கைக்கு மேல் கட்டும் நுளம்பு வலையில் ஒரு துண்டை வெட்டிச் சட்டியின் வாயில் கட்டினார். வலைச் சமாச்சாரம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மா பனி மாதிரி இறங்கியது. பாதி சட்டியிலும் பாதி தம்பியின் தலையிலும்.

"அடிக்கேக்க ஒரே பக்கமா அடிக்கோணும். பக்கம் மாத்தினா கேக் எழும்பாது!" என்று அடுத்த கட்டளை வந்தது.

முட்டையும் சீனியும் நெய்யும் போட்ட சட்டியை நான் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அகப்பையால் அடித்தேன். கை உளைந்ததும் தம்பி. அவன் கை உளைந்ததும் அப்பா. அப்பா துடுப்பு வலிப்பதுபோல் அடித்ததில் கொஞ்சம் சுவருக்கும் போனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மா, "சீனி கரைஞ்சுதோ? விரலுக்கிடையில உரசிப் பாருங்கோ" என்பார். உரசிப் பார்ப்போம். நறநறக்கும். திரும்ப அடிப்போம். கடைசியில் அது வெளுத்துப் பொங்கி வர, அப்பா மாவைச் சேர்த்து வனிலாப் போத்தலைத் திறந்தார். அப்படி ஒரு வாசம் எங்கள் குசினிக்குள் அதற்கு முன் வந்ததில்லை.

தம்பி நாலு விரலையும் சட்டிக்குள் விட்டு வழித்து நக்கினான். சத்தம் அறைக்குள் கேட்டிருக்க வேண்டும்.

"ஆரது நக்கிறது?"

"தம்பிதான் அம்மா" என்றேன்.

"அவன் சின்னன், நக்கட்டும். நீ கவனம் பிள்ளை, பாவசங்கீர்த்தனம் செய்திட்டு வந்தனி."

அப்பா கலவையைப் பிஸ்கற் பேணிக்குள் ஊற்றினார். பெரிய பானைக்குள் மணல் பரப்பி, அதன்மேல் பேணியை வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணலை அள்ளிப்போடுவதுதான் எங்கள் போறணை. அவர் முற்றத்தில் தணலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சட்டி எனக்கு முன்னால் இருந்தது. அடியிலும் ஓரத்திலும் மா ஒட்டியிருந்தது. தம்பி வலப்பக்கத்தை முடித்துவிட்டு இடப்பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தான். இன்னும் சற்றுப் பொறுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஒரு விரல்தான். சுட்டுவிரல். வாயில் வைத்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது தம்பி நக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உனக்கு ஒட்டும்" என்றான்.

கேக் எழும்பியது. ஒரு பக்கம் மட்டும் எழும்பி, மற்றப் பக்கம் சரிந்த வரம்பு மாதிரி இருந்தது. அப்பா அதைத் தட்டில் ஏந்தி அறைக்குள் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. களவு, கீழ்ப்படியாமை, போசனப்பிரியம். ஒரு விரலில் மூன்று பாவம். நன்மை வாங்காவிட்டால் ஊர் சிரிக்கும், வாங்கினால் நரகம்.

காலையில் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அம்மாவும் தம்பியும் வீட்டில். அப்பா கோயிலடிக்கு வருவாரே தவிர உள்ளே வருவதில்லை. வாகை மரத்தின் கீழே சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் பூசை முடியும்வரை நிற்பார். சைக்கிள்களுக்குக் காவலாக அவரைத்தான் கோயிலில் வைத்திருக்கிறார்கள் என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, நாயாற்றுப் பக்கம் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பி வராமற்போன வருடம்தான் இந்தக் காவல் தொடங்கியது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற வயது எனக்கு இல்லை.

மரத்தடியில் இறங்கியதும், "நான் நன்மை எடுக்க மாட்டன்" என்று அழத்தொடங்கினேன். வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக நின்று மூக்கால் வடித்தேன்.

அப்பா குந்தி இருந்து என் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா நடந்தது?"

"நேற்று கேக் மாவை நக்கிப்போட்டன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அதுக்கென்ன, சுவாமி உள்ள இருக்கிறார். போய்ச் சொல்லன்."

"பயமாக்கிடக்கு. நேற்றுத்தானே எல்லாம் சொன்னனான். பேசுவார்."

அப்பா சற்று நேரம் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சாரத்தைத் தட்டிவிட்டார்.

"நானும்தான் நக்கினனான். வா, ரெண்டு பேரும் போவம்."

எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. முதலில் நான் போனேன். சுவாமி முழுதும் கேட்டார்.

"எவ்வளவு மா?"

"ஒரு விரல், சுவாமி."

"ருசியா இருந்ததோ?"

பொய் சொன்னால் அது நாலாவது பாவமாகிவிடும். "ஓம் சுவாமி" என்றேன். அவருக்கு ஏதோ இருமல் வந்தது. அபராதமாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' தந்தார்.

எனக்குப் பிறகு அப்பா போனார். நான் அந்த மந்திரத்தைச் சொல்லி முடித்தேன். அப்பா வரவில்லை. திரும்பவும் ஒருமுறை சொன்னேன். அப்பா வரவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், சிஸ்டர் எட்டி எட்டிப் பார்த்தார். சுவாமி உள்ளே இருக்கும்போது பூசை எப்படித் தொடங்கும்? ஒரு விரலுக்கு எனக்கு ஒரு நிமிடம் என்றால், அப்பா எவ்வளவு நக்கியிருப்பார் என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். சட்டி சட்டியாக நக்கியிருக்க வேண்டும். கடைசியில் வெளியே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எத்தினை மந்திரம் தந்தவர் அப்பா?" என்று கேட்டேன்.

"கனக்க" என்றார்.

பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மரத்தடிக்குத் திரும்பிப் போகாமல் அப்படியே என்னோடு முன்னுக்கு வந்தார். நான் நன்மை வாங்கினேன். எனக்குப் பக்கத்தில் அப்பாவும் வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேக்கை வெட்டினார். மடியில் தங்கச்சி, கையில் கத்தி. என் குற்றத்தை நானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன். கூடவே அப்பாவின் குற்றம் என்னுடையதைவிடப் பெரிது என்பதையும் சொல்லவேண்டி இருந்தது.

"நான் ஒரு விரல்தான் நக்கினனான் அம்மா. அப்பாதான் கனக்க நக்கினவர். சுவாமியிட்டச் சொல்லி முடிக்கவே அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமோ? பூசையே பிந்திப்போச்சு. பிறகுதான் ரெண்டு பேரும் நன்மை வாங்கினனாங்கள்."

அம்மாவின் கை கேக்கில் பாதியில் நின்றது.

"அப்பா நன்மை வாங்கினவரோ? நீ வடிவாக் கண்டனியோ?"

"ஓமம்மா. எனக்குப் பக்கத்திலதான் நிண்டவர்."

அப்பா முற்றத்தில் பானையைக் கவிழ்த்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத்தொடங்கினார். நடுவில் சிரித்தார். திரும்ப அழுதார்.

"சுவாமி மன்னிச்சிட்டார் அம்மா. கேக்கும் குறையேல்லத்தானே" என்று எழும்பிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அம்மா நிறுத்தவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சீனி அல்லவா, அழாமல் என்ன செய்வார்? கொஞ்சமாக நக்கியிருக்கலாம் என்று எனக்கு அப்பாமேல் சரியான கோபம் வந்தது.